மணல் பையின் எடை

என் வலது முழங்கால் கெட்டுப்போனது அறுபத்து மூன்றில், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முதல் நாள். அப்போது எனக்கு இருபத்தோரு வயது. கொத்தமங்கலத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. காகிதத் தோரணம் கட்டப் பெஞ்சின் மேல் ஏறியவள், கட்டி முடித்த உற்சாகத்தில் நிதானமாக இறங்காமல் குதித்தேன். பெஞ்சு சாய்ந்தது. கால் தரையில் ஊன்றியது ஒரு பக்கம், உடம்பு திரும்பியது வேறு பக்கம். முழங்காலுக்குள் கரும்பை முறித்ததுபோல ஒரு சத்தம். நாலு எட்டு தள்ளி நின்ற தலைமையாசிரியைக்குக்கூட அது கேட்டதாம்.

நாட்டு வைத்தியர் வந்தார். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பத்தைந்து நாள் கால் அசையக் கூடாது என்றார். கட்டைப் பிரித்தபோது வீக்கம் வற்றியிருந்தது. ஆனால் முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஊன்றினால் சில நேரம் நிற்கும். சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் துவண்டு என்னைக் கீழே போட்டுவிடும்.

"இனி இந்தக் காலைப் பத்திரமா வச்சுக்கிறணும். பாரம் குடுத்திராதீக" என்று சொல்லிவிட்டுப் போனார் வைத்தியர். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் எல்லோரும் பதினொரு வருஷம் காப்பாற்றினோம்.

என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் மதினி. என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. இளையாத்தங்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை இல்லாமல், முப்பது வயதில் கணவரைப் பறிகொடுத்தவர். அதன்பின் ஆறு வருஷம் கொழுந்தன் வீட்டில் இருந்தார். அந்த வீட்டைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். நாற்பத்தைந்து நாள் முடிந்தது. அவர் போகவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை, இருக்கச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஊருணியில் தண்ணீர் எடுப்பது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது, வாசல் தெளிப்பது எல்லாம் அவர் கைக்குப் போயின. அறுபத்தாறில் எனக்குப் பெண் பிறந்தது. கைக்குழந்தையைக் காலை நீட்டி உட்கார்ந்து, காலில் போட்டுத்தானே குளிப்பாட்டுவோம். என்னால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. என் மகள் உட்காரப் பழகும்வரை அவள் குளியலெல்லாம் மதினியின் கால்களில்தான் நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து துண்டு எடுத்துக் கொடுக்கலாம் என்று அசைந்தால் போதும், "நீ உக்காருத்தா, நான் இருக்கேன்ல" என்பார்.

பள்ளிக்கூடத்துக்கு ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை ஒன்றை ஊன்றிக்கொண்டு போவேன். வெயில் மழை இரண்டும் இல்லாத நாளிலும் குடை இருக்கும். கம்பு ஊன்றுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். முப்பது வயதுக்குள் நான் ஒரு கிழவியின் நடையைப் பழகியிருந்தேன்.

எழுபத்து நாலில் எனக்குத் தலைமையாசிரியையாக உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம் நேமத்தான்பட்டியில். பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மைல் நடக்க வேண்டும். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோஷப்படுவதா எழுதி மறுத்துவிடுவதா என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். என் வீட்டுக்காரர் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எந்த ஊர் ஆளானாலும் அவரிடம் நின்று பேசாமல் போக மாட்டார்கள். யாரோ ஒரு டிரைவர் சொல்லியிருக்கிறார், டவுனில் ஓர் எலும்பு டாக்டர் புதிதாக ஆஸ்பத்திரி போட்டிருக்கிறார் என்று.

"வேலைல சேர இன்னும் நாலு மாசம் டயம் கேட்டு எழுதிப் போடு. அதுக்குள்ள காட்டிருவோம்" என்றார்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதினியிடம், "இவளுக்குக் கால் சரியாகட்டும்க்கா. அதுக்கப்புறம் உனக்கும் விடுதலை" என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் சிரித்தேன். மதினி நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆபரேஷன் என்றுதான் நான் நினைத்துப் போனேன். மாற்றுப் புடவை, தம்ளர், போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் படுக்க வைத்து முழங்காலை அசைத்துப் பார்த்தார்.

"எலும்பு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "பதினொரு வருஷமா நடக்க முடியலீங்க" என்றேன்.

"உள்ள ஒரு நார் கிழிஞ்சிருக்கு. அது அன்னைக்கு நடந்தது. இப்ப நீங்க விழறதுக்கு அது மட்டும் காரணம் இல்லம்மா. தொடையில சதையே இல்ல. கால்ல பாரம் குடுக்காம யாரு உங்களை இப்படி வச்சிருந்தது?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மதினியைப் பார்த்தார். இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்ததுதான் குற்றம் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

கத்தி வைக்க ஒன்றும் இல்லை, பிசியோதெரபிதான், அடுத்த தடவை பின்கட்டு அறைக்கு வாருங்கள் என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பேரைக் கேட்டதும், யாரோ ஒரு பயில்வான் வந்து உருவிவிடப் போகிறார் என்றே மூன்று பேரும் நினைத்தோம். மதினி அடுத்த தடவை வரும்போது ஒரு பாட்டில் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தார்.

அறையில் இருந்தது ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். வெள்ளைச் சேலை, கையில் கடிகாரம். பாட்டிலைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் எதுக்கு டீச்சர்? சமையலுக்கு வச்சுக்கிடுங்க" என்றார்.

முதலில் டேப்பை எடுத்தார். தையல்காரர் வைத்திருக்கும் அதே டேப். இரண்டு தொடைகளையும் முழங்காலிலிருந்து ஒரே உயரத்தில் பேனாவால் கோடு போட்டு அளந்தார். இடது தொடை பதினேழேகால் அங்குலம். வலது தொடை பதினைந்து. டேப்பை என் கையில் கொடுத்து என்னையே அளக்கச் சொன்னார். நானும் அளந்தேன். பதினைந்துதான். தினமும் குளிக்கிறேன், துடைக்கிறேன், புடவை கட்டுகிறேன். என் இரண்டு கால்களும் வேறு வேறு ஆளுடையவைபோல இருப்பது என் கண்ணில் படவே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் காலை நான் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

பிறகு இரண்டு கைகள் வைத்த பாகைமானி ஒன்றை முழங்காலின் மேல் வைத்து எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தார். கணக்குப் பாடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாகை. என் முழங்காலுக்கு அறுபத்தைந்து என்று நோட்டில் எழுதினார்.

"தொடையை இறுக்குங்க பார்ப்போம்" என்றார்.

இடது தொடை இறுகியது. வலது காலிடம் நானும் மனதுக்குள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பல்லைக் கடித்தேன், மூச்சை அடக்கினேன். தொடை சும்மா கிடந்தது.

அவர் ஒரு பெட்டியை உருட்டி வந்தார். திருகு குமிழ்கள், ஒயர், ஈரத்துணி சுற்றிய இரண்டு தகடுகள். தகடுகளைத் தொடையில் வைத்துக் கட்டினார். "கரண்டு கொஞ்சமா விடுவேன். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க" என்றார். குமிழைத் திருப்பினார். எறும்பு ஊர்ந்தது. இன்னும் திருப்பினார். என் தொடைச் சதை பிடித்து இழுத்தாற்போல எழும்பி அடங்கியது. மறுபடி எழும்பியது. நான் அலறினேன். திரைக்கு அப்பால் நின்ற மதினி, "ஆத்தாடி, புள்ளைய என்ன செய்றீக?" என்று உள்ளே ஓடிவந்துவிட்டார்.

வலியால் அலறவில்லை. வலி ரொம்ப இல்லை. அந்தச் சதை அசையும் என்பதை நான் மறந்து பல வருஷம் ஆகியிருந்தது. நான் அசைக்காமல் அது தானாகத் துள்ளியதைப் பார்த்துத்தான் அலறினேன்.

"பாருங்க டீச்சர், வேலை செய்யுது" என்றார் அவர். "கரண்டு சொன்னா கேக்குது, நீங்க சொன்னா கேக்க மாட்டேங்குது. இனி நீங்க சொல்லிப் பழக்கணும்."

பெட்டியை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என்ன நடக்கப்போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் இங்கே வந்தால் போதும். ஆனால் வேலை முக்கால்வாசி வீட்டில்தான். காலையும் மாலையும் நான்தான் செய்ய வேண்டும். எனக்காக வேறு யாரும் செய்ய முடியாது. முதல் இரண்டு மூன்று வாரம் இப்போது இருப்பதைவிட அதிகமாக வலிக்கும். பயிற்சி செய்தபின் வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அது பரவாயில்லை, தொடரலாம். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தால் நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. சில வாரம் அளவு ஏறும், சில வாரம் ஏறாது.

"மூணு மாசத்துல பழையபடி ஆயிருமா?" என்று கேட்டேன்.

"பழைய கால் வராது, டீச்சர்."

இவ்வளவு சின்னப் பெண் இப்படி முகத்துக்கு நேரே சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப எதுக்கு இம்புட்டும்?" என்றேன்.

"விழாம நடக்கலாம். படி ஏறலாம். பஸ்ல ஏறலாம். அதுக்குத்தான்." பிறகு மதினியின் பக்கம் திரும்பி, "இவங்களால முடிஞ்ச வேலையை இனி நீங்க செய்யக் கூடாதும்மா. உதவி பண்றதா நினைச்சு அந்தக் காலுக்குக் கெடுதல் பண்ணிடாதீங்க" என்றார்.

மதினி எண்ணெய்ப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, "சரித்தா" என்றார்.

சொன்னபடியே வலித்தது. காலையில் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி இறுக்குவேன். முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் முழங்காலுக்கு மேல் ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பல்லி வால் மாதிரி இருக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு மணல் பை. துணியில் பை தைத்து, ஆற்று மணல் நிரப்பி, கணுக்காலில் கட்டிக்கொண்டு, மேசை ஓரம் உட்கார்ந்து காலை நீட்டி மடக்க வேண்டும். பையைத் தைத்தது மதினிதான். பழைய தலையணை உறையைக் கிழித்து இரட்டைத் தையல் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்ட நாடாவும் கோத்தார். ஆஸ்பத்திரியில் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு ஒரு கிலோ மணல் போட்டுக் கொடுத்தார்கள். முழங்கால் மடங்காததால் குனிந்து கணுக்காலில் கட்ட எனக்கு எட்டாது. அதை மட்டும் மதினி கட்டிவிடுவார்.

பத்துத் தடவை நீட்டினால் கண்ணில் நீர் வந்துவிடும். நான் அழுவதைக் கேட்டு மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். "போதும்த்தா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். நான் கேட்க மாட்டேன். நேமத்தான்பட்டி என் தலைக்குள் ஏறியிருந்தது. நாலாம் வாரம் தொடை பதினைந்தரை ஆயிற்று. முழங்கால் எழுபத்தைந்து பாகை மடங்கிற்று. ஐந்தாம் வாரம் பையில் இரண்டு கிலோ ஏற்றினார்கள்.

இரண்டு கிலோ முதல் இரண்டு நாள் மலையாகக் கனத்தது. அதன்பின் ஆச்சரியமாக இருந்தது. நாளுக்கு நாள் கனம் குறைந்துகொண்டே வந்தது. பதினைந்து தடவை நீட்டினேன், இருபது தடவை நீட்டினேன். வலி இல்லை, கண்ணீர் இல்லை. பலம் வந்துவிட்டது என்று வீடே அதிரச் சொன்னேன். வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்ததும் அவர் முன்னால் செய்து காட்டினேன். "பாத்தீகளா, பஞ்சு மாதிரி இருக்கு!" என்றேன். மதினி பையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்.

எட்டாம் வாரம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நிற்கும்போது கால் பழையபடி துவண்டு விழுந்தேன். சாக்பீஸ் டப்பா கவிழ்ந்து உருண்டது. இவ்வளவு பலம் வந்த கால் ஏன் விழுந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற முறை. பஸ் வரும் நேரம், வாசலில் செருப்பைப் போட்டபடியே, "மதினி, அந்தப் பையையும் எடுத்துக்கிட்டு வாங்க. கூட ஒரு கிலோ போடச் சொல்லுவோம்" என்றேன்.

"அது எதுக்கு, பஸ்ல கனமால்ல இருக்கும்" என்றார்.

"கனமா? எனக்கே கனமில்ல. எடுங்க எடுங்க, பஸ் வந்துரும்."

அவர் உள்ளே போய் எடுத்து வந்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். வழி நெடுக அதை மடியிலேயே வைத்திருந்தார்.

அந்தப் பெண் முதலில் தொடையை அளந்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி அளந்தார். பதினைந்தேகால். போன தடவையைவிடக் குறைவு.

"வீட்டுல செய்யுறீங்களா, டீச்சர்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வேளை விடல. இருபது தடவை நீட்டுறேன். கனமே தெரியல. வேணும்னா எங்க மதினியைக் கேளுங்க."

அவர் எங்கள் பையை வாங்கி ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டினார். முள் இறங்கி நின்றது. முக்கால் கிலோ.

தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்போல. பக்கத்தில் இருந்த இரும்பு எடையை மாட்டினார். முள் சரியாகத்தான் நின்றது. பையைத் திரும்ப மாட்டினார். முக்கால் கிலோ. நான் பையை வாங்கித் தையலை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன். ஓர் ஓட்டை கிடையாது. இரட்டைத் தையல்.

அந்தப் பெண் மதினியின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஈர மணலாப் போட்டிருப்போம். காஞ்சா எடை குறையும்" என்றார். அவ்வளவு குறையாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஈர மணல் இல்லத்தா" என்றார் மதினி. "நாந்தேன் எடுத்தேன்."

கையில் இருந்த பையை மேசைமேல் வைத்தேன்.

"எடுத்தீகளா? ஏன் மதினி?"

"தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். நீ அழுதது பொறுக்கல, அதான் எடுத்தேன்னு சொல்லலாம். அப்படித்தான் சொல்லணும்னு வச்சிருந்தேன்." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "நெசம் அது இல்ல. உனக்குக் கால் வந்துட்டா நான் எங்குட்டுப் போவேன்? திரும்ப அந்த வீட்டுக்கு என்னால போக முடியாது."

இப்போது நினைத்தால் அவர் அருகே போய் உட்கார்ந்திருக்கலாம் என்று படுகிறது. நான் அதைச் செய்யவில்லை. "அப்ப நான் கடைசிவரை நொண்டியா கெடக்கணும்னு நினைச்சீக. அதானே?" என்று கேட்டேன். உரக்கக் கேட்டேன். திரைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மதினி கிளம்ப எழுந்தார். மேசைமேல் கிடந்த பையை எடுத்து மஞ்சள் பைக்குள் போடப் போனார். மஞ்சள் பை சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. வலது கையில் மணல் பையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் ஆணியிலிருந்து எடுக்கப் பார்த்தார். கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தோள்பட்டைதான் காதுப் பக்கம் ஏறியது, கை ஏறவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் எடுத்தார். யோசிக்காமல், பழகின மாதிரி.

அந்தப் பெண் எழுந்துவிட்டார். "அம்மா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

வலது கை தலைக்கு மேல் போனது. இடது கை பாதியில் நின்றது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"அது கெடக்கு, ஏழெட்டு வருஷமா. ஊருணிப் படியில குடத்தோட வழுக்கி விழுந்தேன். மக பொறந்த வருஷம்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. புடவையெல்லாம் ஈரமாக வந்து, "ஒண்ணுமில்லத்தா, குடந்தேன் நசுங்கிப்போச்சு" என்றார். நானும் குடத்தைத்தான் பார்த்தேன். தலை பின்ன என் மகளைக் கூப்பிடுவார். செல்லத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொடியில் துணி உலர்த்தும்போது ஒரு கையாலேயே எறிந்து எறிந்து போடுவார். அது அவருடைய வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் காலைச் சுற்றி ஒரு வீடே பதினொரு வருஷம் நடந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து நாளெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கை தூக்க வராது என்பது தெரியவில்லை.

மணலை எடுத்தது அவர்தான் என்று கேட்டபோது எனக்கு வந்தது கோபம். இது வேறு. உட்கார இடம் தேடினேன்.

அன்று பஸ்ஸில் முன்னால் ஒரு சீட்டில் நானும் பின்னால் ஒரு சீட்டில் அவருமாக வந்தோம். வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு மதினி முன்னால் போய் நின்று, "உன்னைப் போகச் சொன்னது யாருக்கா?" என்று கேட்டார்.

"நீதேன். விடுதலைன்னு சொன்னியே."

அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் திகைத்து உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வேலைலருந்து விடுதலைன்னுல்ல சொன்னேன்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நான் நாலு நாள் மதினியோடு பேசவில்லை. சோறு போட்டார், சாப்பிட்டேன். என் கையே எட்டும்படி பையில் நீள நாடா தைத்து நானே கட்டிக்கொண்டேன். இரண்டு கிலோ நிஜமாகவே கனத்தது. ஐந்து தடவைக்கு மேல் முடியவில்லை. ஐந்தாம் நாள் காலை, அவர் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மகள் எழுந்து வரக் காத்திருந்தார். நான் குடையை ஊன்றி எழுந்து போய் அவர் பின்னால் நின்றுகொண்டே சீவிப் பின்னிவிட்டேன். முடி பாதி நரைத்திருந்தது.

"மதினி, இது நீங்க இருக்கிற வீடு. நான் நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி" என்றேன்.

"இதை முன்னாலேயே சொல்லிருக்கலாம்ல" என்றார் அவர். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் நோட்டு. அவர் தோளுக்குச் சூடு வைத்தார்கள். வீட்டில் சுவர் முன்னால் நின்று, விரல்களைப் பூச்சிபோல நடத்தி மேலே மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு. எங்கள் வெள்ளைச் சுவரில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அந்தப் பெண் சொன்னதெல்லாம் அவருக்கும் நடந்தது. முதலில் வலி கூடியது. சில வாரம் கோடு நகரவே இல்லை. "இந்தப் புள்ளை பொய்யே சொல்லாது போல" என்று முணுமுணுப்பார்.

எனக்கு மூன்று மாதம் ஐந்து மாதமாயிற்று. டயம் கேட்டு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடைசியாக அளந்தபோது தொடை பதினாறேமுக்கால். முழங்கால் நூற்றுப்பத்து பாகை மடங்கியது. அதற்கு மேல் அது மடங்கியதே இல்லை, இன்றுவரை சம்மணம் போட்டதில்லை. முழங்காலுக்குள் கிழிந்த நார் கிழிந்ததுதான். மேடு பள்ளத்தில் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். ஆனால் விழுவது நின்றது. நேமத்தான்பட்டி முக்கால் மைலை முதல் நாள் மூன்று இடத்தில் நின்று நின்று கடந்தேன். பெரிய பெரிய வீட்டுச் சுவர்களின் நிழல் இருந்ததால் பிழைத்தேன். ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் நடந்தேன். அந்த நாகர்கோவில் பெண் அதற்குள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். நடந்து காட்டக் கொடுத்துவைக்கவில்லை.

மதினியின் கை காதுவரை வந்தது. முழுதாக மேலே போகவில்லை. "தலை சீவ எட்டுது, போதும்" என்று அவரே ஒரு நாள் பயிற்சியை நிறுத்திவிட்டார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. பதினொரு பன்னிரண்டு வருஷத்தில் அந்த நேரத்தில் அந்த வீட்டைப் பூட்டி நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருந்தார். அவசரமாக உள்ளே போய் முதலில் அவருடைய தகரப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது மதினி வந்தார். நெற்றி வியர்த்திருந்தது, சேலையில் சாம்பார் கறை.

"எங்குட்டுப் போனீக மதினி? உசுரே போயிருச்சு எனக்கு."

"நம்மூர்ப் பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாடு ஆக்குறவ நின்னுட்டாளாம். நான் போய்க் கேட்டேன். இன்னைக்கே அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லிட்டாக. முத நாளுங்கவும் பாத்திரம் கழுவி முடிக்க நேரமாயிருச்சு."

நாங்கள் யாரும் அவரிடம் வேலைக்குப் போகச் சொல்லவில்லை. போகப் போவதாக அவரும் எங்களிடம் சொல்லவில்லை. அவர் கை கால் கழுவிவிட்டு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில பத்து மணிக்குப் போனா மூணு மணி ஆயிரும்த்தா. நாளையிலேருந்து ராத்திரிக் குழம்பை நீ வச்சிரு" என்றார்.